கடைத்தெரு வரை போய்வரவும் ஹெல்மெட் வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

சைக்கிள் ஓட்டும்போது தலைக்கவசம் அணிவது குறித்து வாசகர்கள் எழுப்பிய ஐயங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எனக்கு வயது 67. இளமை முதலே சைக்கிள்தான் என் வாகனம்; தலைக்கவசம் அணிந்ததே இல்லை. இப்போது மகன் ஒன்றை வாங்கித் தந்து, வெளியே கிளம்பும்போதெல்லாம் அணிந்துதான் ஆக வேண்டும் என்கிறான். நான் போவது பக்கத்திலிருக்கும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும்தான். அதுவும் மிக மெதுவாக. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அணியட்டும். எனக்கும் ஒவ்வொரு முறையும் அது தேவையா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: தேவை, ஐயா. நெடுஞ்சாலையில் விரைகிறவரைவிட உங்களுக்குத்தான் அது முழுமையாகப் பயன்படும் என்றும் சொல்வேன்.

சைக்கிள் தலைக்கவசம் எந்த விபத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது என்பதை அதன் பரிசோதனை முறையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஈ.என். 1078 என்னும் ஐரோப்பியத் தர விதியின்படி, மாதிரித் தலை ஒன்றில் கவசத்தை மாட்டி, நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்புப் பரப்பின்மீது மோதவிடுகிறார்கள். அது மணிக்கு 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது அந்த வேகத்தை அடைந்திருக்கும். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலையும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே, நீங்கள் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், ஏன், நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தாலும்கூட, தலை தரையில் மோதும் வேகம் அதுவாகவே இருக்கும். மெதுவாக ஓட்டுவதால் பல ஆபத்துகள் குறைகின்றன என்பது உண்மை. விழும் உயரம் மட்டும் குறைவதில்லை.

அந்த வேகத்தில் வரும் தலை கருங்கல்லிலோ சிமென்ட் திட்டிலோ மோதினால், ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் அது நின்றாக வேண்டும். மண்டையோடு விரிசல் விடுவதும் மூளை அடிபடுவதும் அந்தத் திடீர் நிறுத்தத்தால்தான். கவசத்தின் உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளின் அடர்த்தியான வகை. மோதும்போது அது ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நசுங்கி, தலை நிற்பதற்கு அவ்வளவு இடம் தருகிறது. நிற்கும் தொலைவு பல மடங்கு கூடுவதால் மூளையின்மீது விழும் விசை பல மடங்கு குறைகிறது. கவசம் செய்யும் வேலை முழுவதும் இதுவே.

உங்கள் வயதைக் கருதியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுமையில் மூளை சற்றே சுருங்குவதால், அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையே செல்லும் நுண்ணிய சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. இளைஞர் ஒருவர் தடவிவிட்டுக்கொண்டு எழுந்துபோகும் அடியே முதியவருக்கு அந்தச் சிரையை அறுத்து, மெல்ல மெல்ல இரத்தம் கசியச் செய்துவிடக்கூடும். சிலருக்கு அதன் அறிகுறிகள் சில வாரங்கள் கழித்தே தெரியவருகின்றன: தலைவலி, நடையில் தள்ளாட்டம், மறதி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஊருக்குள் விழுவது எப்படி நேர்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். வீடு கட்டுகிறவர்கள் தெரு ஓரத்தில் எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். மணலை அள்ளிய பிறகும் ஒரு மெல்லிய படலம் சாலையிலேயே தங்கிவிடுகிறது. எதிரே ஓர் ஆட்டோ வர, நீங்கள் ஓரம் ஒதுங்கி, முன் பிரேக்கைச் சற்று அழுத்துகிறீர்கள். முன் சக்கரம் மணலில் பக்கவாட்டில் வழுக்குகிறது. கையை ஊன்ற நேரமிருப்பதில்லை, ஒரு கையில் பை தொங்கினால் சொல்லவே வேண்டாம். தோள் முதலில் தரையைத் தொட, அதே கணத்தில் நெற்றிப்பொட்டு மோதுகிறது. இதில் வேகத்துக்கோ நெடுஞ்சாலைக்கோ வேலையே இல்லை. தெருநாய் குறுக்கே பாய்வதும், வண்ணம் பூசாத வேகத்தடை அந்தியில் கண்ணுக்குத் தெரியாமற்போவதும், நின்றிருக்கும் காரின் கதவு திடீரெனத் திறப்பதும் ஊருக்குள்ளேதான் அதிகம்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலிவியர், கிரைட்டன் என்னும் இருவர், காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கவசம் அணிந்திருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 69 விழுக்காடும், முகக் காயத்துக்கான வாய்ப்பு சுமார் 33 விழுக்காடும் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். கவசத்தால் கழுத்துக்குக் கேடு வரும் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

'ஒவ்வொரு முறையுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும்தான். இன்று வேண்டுமா, வேண்டாமா என்று வாசலில் நின்று முடிவெடுக்கிற பழக்கம் வந்துவிட்டால், பெரும்பாலான நாட்களில் 'வேண்டாம்' என்றுதான் மனம் சொல்லும். விழப்போகும் நாள் எதுவென்று முன்கூட்டித் தெரிவதில்லை. சைக்கிள் சாவியைத் தலைக்கவசத்தின் பட்டையிலேயே கோத்து வையுங்கள். சாவியை எடுக்கும் கையோடு கவசமும் வந்துவிடும்.

கேள்வி: உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் ஓட்டும் நெதர்லாந்துக்காரர்கள் தலைக்கவசம் அணிவதில்லையே? கவசம் அணிந்தவருக்கு அசட்டுத் துணிச்சல் வருகிறது என்றும், கார் ஓட்டுகிறவர்கள் அவரை இன்னும் நெருங்கி உரசிக்கொண்டு முந்துகிறார்கள் என்றும் படித்திருக்கிறேன். சாலையைச் சரிசெய்வதை விட்டுவிட்டுச் சைக்கிள்காரரின் தலையில் சுமையை ஏற்றுவது நியாயமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியில் எனக்கும் முழு உடன்பாடு உண்டு. நெதர்லாந்தில் மக்கள்தொகையைவிடச் சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். மக்கள் மேற்கொள்ளும் பயணங்களில் கால் பங்குக்கும் மேல் சைக்கிளில்தான். 1970-களில் சாலை விபத்துகளில் குழந்தைகள் பெருமளவில் இறந்ததைக் கண்டு பொதுமக்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பயனாக, மோட்டார் வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கி.மீ. என்னும் வேக வரம்பும் அங்கே வந்தன. அந்நாட்டவரைக் காப்பது அந்த ஏற்பாடு. நம் ஊரில் அவர்களைப் போலத் தலையில் ஒன்றுமில்லாமல் ஓட்டுவதென்றால், அவர்களுடைய பாதைகளும் நமக்கு வேண்டும். அங்கேயுங்கூட, மின் சைக்கிள் ஓட்டும் முதியவர்கள் விழுந்து தலைக்காயம் அடைவது கூடியதால், விரும்பி அணியுமாறு மக்களை ஊக்குவிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கார்கள் நெருங்கி வருவது பற்றி நீங்கள் படித்தது, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர் 2007-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். அவர் தம் சைக்கிளில் தொலைவு அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்டியபோது, கவசம் அணிந்த வேளைகளில் வாகனங்கள் சராசரியாக 8.5 செ.மீ. கூடுதலாக நெருங்கி முந்தின. அந்தத் தரவுகளையே பின்னர் மறு ஆய்வு செய்தவர்கள், ஆபத்தான அளவுக்கு நெருங்கிய வாகனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கவசத்தால் வேறுபாடு எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். வாக்கரின் முடிவையே ஏற்றுக்கொண்டாலும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்த வேறுபாட்டுக்காகத் தலையைத் திறந்து விடுவது எனக்குச் சரியான கணக்காகப் படவில்லை.

சட்டம் என்பது வேறு விஷயம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1 முதல் எல்லாச் சைக்கிள் ஓட்டிகளுக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. 1994-இல் நியூசிலாந்தும் சேர்ந்துகொண்டது. தலைக்காயங்கள் குறைந்தன. ஆனால், சைக்கிள் ஓட்டுவதையே, குறிப்பாகப் பள்ளிப் பருவத்தினர், கைவிட்டதும் அந்தக் குறைவுக்கு ஒரு காரணமா என்ற வாதம் இன்றுவரை முடியவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள கிங் மாவட்டம், வீடற்றவர்கள்மீதும் கறுப்பின மக்கள்மீதும் அளவுக்கு மீறி அபராதம் விதிக்கப்பட்டதைக் கண்டு 2022-இல் தன் கட்டாயச் சட்டத்தை நீக்கிக்கொண்டது. டென்மார்க்கிலோ, சட்டம் எதுவும் இல்லாமலேயே அணிவோர் தொகை சில பத்தாண்டுகளில் பெரிதும் உயர்ந்திருக்கிறது. நம் ஊரில் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். அதிகாலையில் வேலைக்குச் செல்லும் கொத்தனாரை நிறுத்தி அபராதம் கேட்கும் சட்டத்தை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். அணிவது நல்லது என்பதும், அணியாதவரைத் தண்டிக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

ஒன்றையும் மறைக்கக் கூடாது: லாரியின் பின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டால் சைக்கிள் தலைக்கவசத்தால் எதுவும் செய்ய முடியாது. அந்த மரணங்களைத் தடுக்க அகலமான ஓரப் பாதையும், தெருவிளக்கும், வேகக் கட்டுப்பாடும்தான் வேண்டும். அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்கிறவரின் தலையில் கவசமும் இருக்கட்டும்.

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் தந்த விலையில்லா மிதிவண்டியில் தினமும் போய்வருகிறாள். தலைக்கவசம் வாங்கித் தந்தேன். இரட்டைப் பின்னலோடு அது தலையில் உட்காரவே இல்லை என்றும், தோழிகள் கேலி செய்கிறார்கள் என்றும் சொல்லி, கட்டாயப்படுத்தினால் ஷேர் ஆட்டோவில் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். என்ன செய்வது?
— வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில், அவள் சைக்கிளை விட்டுவிடும்படி நேரக் கூடாது, அம்மா. சைக்கிள் ஓட்டும் பெண்பிள்ளைக்கு உடல் வலிமையோடு, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரும் துணிவும் கிடைக்கிறது. கவசத்துக்காக அதைப் பறிப்பது பெரிய இழப்பு.

பின்னல் பிரச்சினை பெரும்பாலும் கவசத்தை அணியும் முறையால் வருவது. உச்சியில் தொடங்கும் பின்னலாக இருந்தால் கவசம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலைக் காதுமட்டத்துக்குக் கீழே, பிடரியை ஒட்டித் தொடங்கச் சொல்லுங்கள். கவசத்தின் பின்புறம் சிறு சக்கரம் போன்ற திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, கவசத்தை அணிந்து, அந்தத் திருகுப் பட்டை இரண்டு பின்னல்களுக்கும் மேலே, மண்டையின் பின்புற மேட்டுக்குக் கீழே படியுமாறு வைத்து, பிறகு இறுக்க வேண்டும். பூவைக் கவசத்துக்கு வெளியே, பின்னலின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

முன்பக்கம், புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் வெற்றிடம் இருக்க வேண்டும். பலரும் நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னுக்குத் தள்ளி அணிகிறார்கள்; முன்னால் விழும்போது முதலில் அடிபடும் இடம் அந்த நெற்றிதான். பட்டைகள் இரண்டும் காதுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவே தளர்வு இருக்கலாம். அணிந்தபின் வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள்: கவசம் லேசாகக் கீழே இழுபட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. வாங்கும் முன்பே தையல் டேப்பால் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்து, அந்த செ.மீ. கணக்குக்கு ஏற்ற அளவை வாங்குவது முக்கியம்; 'வளரும் பிள்ளை' என்று பெரிதாக வாங்கினால் விழும்போது கழன்று நகர்ந்துவிடும்.

கேலிக்குத் தனியாக ஒரு பிள்ளையால் விடை சொல்ல முடியாது. அதே வழியில் வரும் பிள்ளைகளில் நான்கைந்து பேர் சேர்ந்து அணிந்தால் கேலி தானாக அடங்கும். பக்கத்து வீட்டுத் தாய்மார்களிடம் பேசிப் பாருங்கள். வகுப்பாசிரியர் காலை வணக்கத்தின்போது ஒரு வார்த்தை சொன்னாலும் பெரிய பலன் இருக்கும். விலையில்லா மிதிவண்டியோடு ஒரு தலைக்கவசமும், இருட்டில் ஒளிரும் பின் விளக்கும் சேர்த்து வழங்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரசு செய்யும்வரை முன்னாள் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் அதைச் செய்யலாம்.

இன்னொரு செய்தி: துப்பட்டாவின் நுனியைக் குத்தி வைக்காமல் ஓட்டினால் பின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அதைக் கவசத்துக்கு நிகரான கவனத்தோடு பாருங்கள்.

கேள்வி: வீட்டில் மோட்டார் பைக் ஹெல்மெட் இருக்கிறது. அதையே சைக்கிளுக்கும் அணியலாமா? கட்டட வேலையில் அணியும் மஞ்சள் நிறத் தொப்பி போதுமா?
— வாசகர், மதுரை

பதில்: பைக் ஹெல்மெட் தலையைக் காக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது, சைக்கிள் கவசமோ பெரும்பாலும் 250 முதல் 350 கிராம் வரைதான். பெடல் மிதிக்கும் உழைப்பில் உடல் சூடாகும்போது, காற்றோட்டமில்லாத பைக் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துபோகும்; காதை மூடுவதால் பின்னால் வரும் வண்டியின் ஓசையும் மங்கும். ஓரிரு நாளைக்குச் சரி, அன்றாடப் பழக்கத்துக்குச் சரிப்படாது. பிள்ளைகளுக்கு அந்த எடை வேண்டவே வேண்டாம். கட்டடத் தொப்பி மேலிருந்து உச்சியில் விழும் கல்லுக்கும் கம்பிக்குமானது. பக்கவாட்டு மோதலைத் தாங்கும் நுரை அதில் இல்லை, விழும்போது தலையில் நிற்பதும் இல்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயிலேயே தரச் சான்றுள்ள சைக்கிள் கவசங்கள் கிடைக்கின்றன. உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஈ.என். 1078 அல்லது அமெரிக்கத் தரமான சி.பி.எஸ்.சி. என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடுவதால் எடை குறையும், காற்றோட்டம் கூடும். பாதுகாப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று கருத வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலில் தலைக்கவசம் அணிந்து எப்படி ஓட்டுவது?
— வாசகர், வேலூர்

பதில்: வெயிலைச் சொல்லித்தான் பந்தய வீரர்களும் நெடுங்காலம் மறுத்துவந்தார்கள். பன்னாட்டு சைக்கிள் ஒன்றியம் 1991-இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஒன்றியம் பின்வாங்கியது. அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் 2003 மார்ச்சில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் கவசமின்றி விழுந்து, தலைக்காயத்தால் மறுநாள் உயிரிழந்தார். அவ்வாண்டே கவசம் கட்டாயமானது. இன்று மலையேற்றத்திலும் கடுங்கோடையிலும் அவர்கள் அதை அணிந்துதான் ஓட்டுகிறார்கள்.

நீளவாட்டில் காற்றுத் துளைகள் உள்ள, வெளிர் நிறக் கவசம் வாங்குங்கள். ஓடும்போது காற்று உள்ளே புகுந்து பின்னால் வெளியேறும். வியர்வை கண்ணில் வழியாமலிருக்க மெல்லிய பருத்தித் துணி ஒன்றை நெற்றியில் கட்டிக்கொள்ளலாம். தடித்த துண்டைச் சுற்றி அதன்மேல் கவசத்தை அணிவது தவறு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் உள் மெத்தைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல் போன்றவற்றால் கவசத்தைத் துடைக்கவே கூடாது; அவை தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

கேள்வி: நான்கு வயது மகனைச் சைக்கிளின் பின் இருக்கையில் அமர்த்திப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறேன். அவனுக்கும் தேவையா? இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அவனுக்குக் கட்டாயம் அணிவியுங்கள்; நீங்கள் சமாளித்து நிற்கும் சாய்விலேயே அவன் விழுந்துவிடக்கூடும். இரு பக்கமும் பாதம் சக்கரக் கம்பிகளில் நுழையாதபடி தடுப்புள்ள இருக்கையும், இடுப்புப் பட்டையும் இருக்க வேண்டும். பள்ளி வாசலில் இறங்கியவுடன் கவசத்தைக் கழற்றிவிடுங்கள். அதை அணிந்தபடி சறுக்குமரத்திலோ ஏணிக் கம்பிகளிலோ விளையாடும் குழந்தையின் தலை இடுக்கில் மாட்டிக்கொண்டு, தாடைப் பட்டை கழுத்தை நெரிக்கும் ஆபத்து உண்டு. இதற்காகவே, இழுபட்டால் தானாகத் திறந்துகொள்ளும் பட்டையுடைய சிறுவர் கவசங்களுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 1080 என்று தனித் தரமே வகுத்திருக்கிறார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் இருசக்கர வாகனங்களுக்கானது. மிதிக்கும் சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஆனால் அதே குழந்தையை ஸ்கூட்டரில் அழைத்துச் சென்றால் நிலை வேறு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டோ தரமான சைக்கிள் கவசமோ அணிவிக்க வேண்டும் என்றும், வண்டி மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றும் மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வெளியிட்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2019 முதல் சாலையில் சைக்கிள் ஓட்டுவோர் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்; அங்குள்ள உறவினர் வீட்டுக்குச் செல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற மாதம் சைக்கிளிலிருந்து விழுந்தேன். கவசம் தரையில் நன்றாகவே இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கவசத்திலும் கீறலைத் தவிர எதுவும் தெரியவில்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் பழைய தடிப்புக்குத் திரும்பாது. அடுத்த முறை அந்த இடத்தில் அடிபட்டால் தலை நிற்பதற்கு இடம் இருக்காது. உள் மெத்தைகளை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நுரையின் உட்புறத்தைப் பாருங்கள்: மயிரிழை போன்ற விரிசலோ, பக்கத்து இடத்தைவிடப் பளபளப்பாக அமுங்கிய பகுதியோ தென்படலாம். தென்படாவிட்டாலும், தலையோடு சேர்ந்து மோதிய கவசத்தை மாற்றிவிடுவதே முறை. பட்டையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். இல்லையேல் வேறு யாரேனும் நல்ல கவசம் என்று நம்பி எடுத்து அணிந்துகொள்வார்கள்.

கவசம் அணிந்திருந்தாலும், தலையில் அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். உங்களுக்கு அந்த விழுதலுக்குப் பிறகு தலைவலியோ தடுமாற்றமோ இருந்தால், மாதம் ஒன்று கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் விழுந்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.